எத்தன வருச சர்வீசு?

எங்கள் ஊர்ப்பக்கம் லாரியை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: லைன் வண்டி, லோக்கல் வண்டி. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ பாரம் ஏற்றி நாக்பூர், இந்தூர், கொல்கத்தா என்று போய், அங்கே கிடைத்த பாரத்தோடு இன்னோர் ஊருக்குப் போய், இருபது நாளோ ஒரு மாதமோ கழித்து வீடு திரும்புவது லைன் வண்டி. காலையில் எடுத்து ராத்திரிக்குள் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்துவது லோக்கல். தீவன மூட்டை, செங்கல், எம்-சாண்ட், தண்ணீர், முட்டை என்று சுற்று வட்டாரத்துக்குள்ளேயே ஓடும். லைனுக்கு நடைக் கணக்கு, படி தனி. லோக்கலுக்கு நாள் சம்பளம். காசு லைனில்தான் இருக்கிறது. ஆனாலும் ஐம்பது வயதைத் தாண்டிய எந்த டிரைவரைக் கேட்டாலும், “ஒரு லோக்கல் வண்டி அமைஞ்சாப் போதுமுங்க” என்பார். முதுகு போன பின்பு, சர்க்கரை வந்த பின்பு, மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய பின்பு கிடைக்க வேண்டிய வேலை அது. கிட்டத்தட்ட ஓய்வூதியம்.

என் மாணவி ஒருத்தி அதை முதல் வேலையாகக் கேட்டாள்.

மூன்று வருஷம் என்னிடம் பி.ஏ. தமிழ் படித்தவள். இப்போது இருபத்தொன்பது வயது. “பேர் போட்டுறாதீங்க மேடம், வேலை கேட்டுப் போற எடத்துல புஸ்தகத்தக் காட்டுவாங்க” என்று சொல்லிவிட்டதால் பெயர் இல்லை. கணவன் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறான். ராத்திரி ஷிப்ட், எட்டு டு எட்டு. மகள் யு.கே.ஜி. போகிறாள். அவன் வீடு வந்ததும் இவள் கிளம்பலாம். அவன் கிளம்புவதற்குள் இவள் வந்துவிட வேண்டும். இந்த இடைவெளிக்குள் அடங்குகிற லாரிதான் அவளுக்கு வேண்டும்.

லாரி ஆசை எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்டார்கள். ஆசையெல்லாம் இல்லை, கணக்கு. இரண்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆம்னி வேன் ஓட்டினாள். பள்ளி வளர்ந்து பஸ் வாங்கியது. பஸ்ஸை ஓட்டலாம் என்று கனரக உரிமம் எடுத்தாள். பள்ளி பஸ் ஓட்டுபவருக்குக் கனரக வாகனத்தில் குறைந்தது 5 வருஷ அனுபவம் வேண்டும் என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழந்தைகள் ஏறும் வண்டி. அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். அவளும் சொல்லவில்லை. அந்த 5 வருஷத்தை எங்கே போய்ச் சம்பாதிப்பது என்று மட்டும் கேட்டாள். லாரியில்தான். அப்படித்தான் அவள் லாரி ஆபீஸ் படி ஏறினாள்.

சட்டத்தில் அவளுக்கு ஒரு தடையும் கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக உரிமம் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று இருந்ததையும் 2019-ல் எடுத்துவிட்டார்கள். ஆணா பெண்ணா என்று எந்தப் பிரிவும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஊர் இருக்கிறது.

மே மாத விடுமுறையில் நான்கு நாள் அவளோடு சுற்றினேன். என் அப்பா முப்பத்திரண்டு வருஷம் லைன் ஓட்டியவர். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமானாலும் பெயரைச் சொன்னால் சில டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களில் இன்னும் நாற்காலி போடுவார்கள். போட்டார்கள். டீ வந்தது. முதல் ஆபீஸில் விஷயத்தைச் சொன்னதும் முதலாளி தலையாட்டிவிட்டு, “டேலி தெரியுமா கண்ணு? பில்லு போடறதுக்கு ஆளு வேணும்” என்றார். டிரைவர் வேலை என்று மறுபடி சொன்னோம். சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை ஏதோ சொன்னால் சிரிப்போமே, அது. டிரைவர் வேலை கேட்டுப் போன மூன்று இடங்களில் அவளுக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது.

நான்காவது இடத்தில் இருந்தவர் அப்படிச் சிரிக்கவில்லை. உரிமத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“எத்தன வருச சர்வீசு?”

“புதுசுங்ணா.”

“புதுசா. ஒரு ரெண்டு வருசம் லைன்ல போயிட்டு வா கண்ணு. அப்பறம் லோக்கல் தர்றேன்.” சொல்லிவிட்டு உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். கை நீட்டியபடியே, “ஆனாப் பொம்பளப் புள்ளைய எப்பிடி லைன்ல அனுப்பறது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்கள். முதலாவது சொன்ன வழியை இரண்டாவது அடைத்துவிட்டது. அவருக்கு அது தெரியவே இல்லை. நல்ல மனிதர்தான். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

இன்னோர் இடத்தில் இன்சூரன்ஸ் என்றார்கள். புது டிரைவர் ஓட்டினால் கிளைம் வராதாம். அந்த ரக வண்டிக்குச் செல்லுபடியாகும் உரிமம் டிரைவரிடம் இருக்கிறதா என்றுதான் இன்சூரன்ஸ்காரர்கள் பார்ப்பார்கள். எத்தனை வருஷம் ஓட்டினார் என்று பாலிசி கேட்பதில்லை. அவள் அதைப் பணிவாகச் சொன்னாள். “படிச்ச புள்ள, எதுக்கு உனக்கு இந்தப் பொழப்பு” என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. படிக்காதிருந்தால் அதையும் ஒரு காரணமாகச் சொல்லியிருப்பார்கள். பாதுகாப்பு என்ற சொல்லும் அடிக்கடி வந்தது. பட்டப்பகலில், வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள், ஏழு மணிக்கு முன்னால் முடிகிற வேலைக்கு என்ன பாதுகாப்பு என்று எனக்கு விளங்கவில்லை. அவள் ஸ்கூட்டியில் அதைவிட அதிகத் தூரம் போய் வருகிறவள்.

சர்வீஸ் என்று இவர்கள் கேட்பது என்ன? அப்பா கதையைச் சொன்னால் புரியும். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தாய்மாமன் ஓட்டிய வண்டியில் கிளீனராக ஏறியவர் அவர். கண்ணாடி துடைப்பது, மேட்டில் நின்றால் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்குவது. சம்பளம் பேருக்கு. ஏதோ ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, ஆந்திராவில் ஆளில்லாத ரோட்டில், தூக்கம் சொக்கிய மாமன் “இங்க வாடா, புடி” என்று ஸ்டீயரிங்கைக் கொடுத்தார். அதுதான் அட்மிஷன். கட்டணமும் கிடையாது, பதிவேடும் கிடையாது, அன்றைக்கு உரிமமும் கிடையாது. நாலைந்து வருஷம் அப்படி ராத்திரிகளில் ஓட்டிப் பழகித்தான் உரிமமே எடுத்தார். எங்கள் பகுதியின் டிரைவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படி வந்தவர்கள்தான். இப்போது கிளீனர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் அக்கா மகன், சித்தப்பா மகன் என்று கூட்டிப்போய்க் கையில் பழக்கிவிடுவது இன்றும் நடக்கிறது.

மாமனின் தங்கை, அதாவது என் பாட்டி, அண்ணன்தானே என்று அந்தக் கேபினில் ஏறியிருந்தால் ஊர் விட்டு வைத்திருக்குமா? ஆக, எத்தனை வருஷம் சர்வீஸ் என்று ஒரு முதலாளி கேட்கும்போது, இன்னொரு ஆணோடு எத்தனை வருஷம் கேபினில் படுத்து எழுந்தாய் என்றுதான் கேட்கிறார். ஒரு பையனுக்கு அது தகுதி. ஒரு பெண்ணுக்கு அதே பதில் இருந்தால் வேலை மட்டுமல்ல, வீடும் போய்விடும்.

லாரிக்கும் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நெற்றியில் அம்மன் பெயர், அதற்குக் கீழே மகள் பெயர். முதல் தவணைக்கு அடகு போனது மனைவியின் நகை. பல வீடுகளில் ஆர்.சி. புத்தகமே மனைவி பேரில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் கடைசிக் காலத்தில் அப்பா சொந்தமாக வாங்கிய பழைய வண்டியும் அம்மா பேரில்தான் இருந்தது. அம்மா அந்த வண்டிக்குச் சூடம் காட்டியிருக்கிறாள், எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறாள், பைனான்ஸ்காரனுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறியதில்லை.

அரசு பஸ்ஸில் இது வேறு மாதிரி நடந்தது. குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-ல் அரசுப் பேருந்து ஓட்டுநரானபோது, அவருக்குப் பின்னால் பெண்களுக்கான 30 சதவீத இட ஒதுக்கீடு இருந்தது. 1989-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. யாரோ ஒரு அதிகாரிக்கு மனம் இளகி நடந்த காரியம் அல்ல அது. தனியார் லாரி ஆபீஸில் அப்படி ஒரு காகிதம் கிடையாது. போபாலின் யோகிதா ரகுவன்ஷியைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். சட்டம் படித்தவர், கணவர் இறந்த பின் லாரி ஓட்ட வந்தார், மாநிலம் மாநிலமாகப் போகிறார். அவரை நான் வணங்குகிறேன். ஆனால் எங்கள் முதலாளிகள் அவரைச் சாதனைப் பெண் பட்டியலில் வைத்துவிட்டார்கள். சாதாரணமாக ஒரு வேலைக்கு வருகிற பெண்ணை எந்தப் பட்டியலில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் மாலை சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தொழில் புத்தி; பெரும்பாணாற்றுப்படையின் உப்பு வண்டி ஞாபகம் வந்தது. உமணர் வண்டிகள் வரிசையாகப் போகின்றன. வண்டியிலேயே கோழிக்கூடு, காடிப் பானை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி எருதுகளை முடுக்கி ஓட்டுகிறாள். ஆண்கள் வேப்பந்தழை மாலை சூடிக்கொண்டு பக்கத்தில் காவலாக நடக்கிறார்கள். இந்தக் காட்சியை வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிறேன். ஓட்டுவது யார் என்ற இடத்தில் எந்த உரைகாரரும் ஆச்சரியப்பட்டு நின்றதாக எனக்கு நினைவில்லை.

அவளோ வேறொரு பாட்டை எடுத்தாள். புறநானூற்றில் அதியமான் மகனை ஒளவையார் பாடியது. பழகாத இளம் மாடுகள், மேலே கனத்த சுமை, வழியில் என்ன மேடு பள்ளம் வருமோ தெரியாது. ஆகவே உமணர் வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சைக் கட்டி எடுத்துப் போகிறார்கள். அந்த அச்சு மாதிரியானவன் இந்த இளவரசன் என்பது ஒளவை சொல்ல வந்தது. இன்றைக்கு ஸ்டெப்னி என்று சொல்லிப் பையன்களைச் சிரிக்கவைத்து அந்தப் பாட்டை நான் நடத்துவேன்.

“அதுலயும் மாடு புதுசுதானுங்க மேடம். புது மாட்டப் பூட்ட மாட்டோம்னு உமணர் சொல்லலியே. அச்சு ஒண்ணு சேத்திக் கட்டுனாங்க.”

பதினெட்டு வருஷமாக அந்தப் பாட்டை நடத்துகிறேன். எனக்குத் தோன்றாதது.

முதலாளிகள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். லோக்கல் என்றால் சுலபம் என்று வெளியே இருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறோம். கை பழகுவதற்கு நான்கு வழிச் சாலைதான் சுலபம். லோக்கல் வண்டி, தறிப்பட்டறைச் சந்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். தலைக்கு மேல் தாழ்ந்த மின்கம்பி, பக்கத்தில் சாக்கடை மூடி, பின்னால் யாரோ நிறுத்திவிட்டுப் போன டி.வி.எஸ். ஒரு நாளைக்கு ஏழெட்டு இடத்தில் நிறுத்தி எடுக்க வேண்டும். கிளட்ச் பிளேட் தேய்வதும் ஓரத்தில் உரசுவதும் இதில்தான் அதிகம், அந்தச் செலவு முதலாளி தலையில்தான் விடியும். புது ஆளைத் தனியாக ஏற்றி அனுப்பப் பயப்படுவது தப்பில்லை. இரண்டு வாரம் பக்கத்தில் ஒரு பழைய டிரைவரை உட்காரவைத்தால் தீரக்கூடிய பயம் அது. அந்தப் பக்கத்து இருக்கைதான் பிரச்சினை. ஓட்டும் பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண் யார், அவளுக்கு என்ன உறவு, ஊர் என்ன பேசும்.

ஆனியில் ஒரு தீவனக் கடைக்காரர் அவளைப் பிக்கப் ஓட்டச் சேர்த்துக்கொண்டார். பாரத்தோடு சேர்த்து 7500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியைச் சாதாரண இலகு ரக உரிமம் இருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லி, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்: கனரக உரிமம் கையில் இருந்தாலும் சின்ன வண்டியில் ஏறிவிடுங்கள். சந்தும் ரிவர்ஸும் அங்கேயே பழகும். பண்ணைக்காரர்களுக்கும் லோடுமேன்களுக்கும் முகம் தெரியும். அவள் ஐந்து மாதத்தில் பரமத்தி வேலூர் வரைக்கும் ஒரு கோழிப்பண்ணை விடாமல் தெரிந்து வைத்திருந்தாள். எந்தப் பண்ணையில் பெண்கள் போகிற மாதிரிக் கக்கூஸ் இருக்கிறது என்பதும் அந்தத் தெரிதலில் சேர்த்தி. இல்லாத பக்கம் லோடு என்றால் காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்வாள். இதைப் பற்றி எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித்தருவதில்லை.

அதே கடைக்கு ஓர் ஆறு சக்கர லாரியும் உண்டு. அதன் டிரைவருக்கு ஐம்பத்தைந்து வயது. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டார். அங்கேதான் வழி பிறந்தது. எங்கள் பக்கம் ஒரு டிரைவர் விடுப்பில் போனால் ‘ஆக்டிங்’ போடுவார்கள். நாள் கணக்கில் மாற்று ஆள். சாமி மலைக்குப் போகிற ஒரு வாரத்துக்கு ஆக்டிங் வேண்டும். சீசனில் எல்லா டிரைவரும் மலையில், ஆள் கிடைக்கவில்லை. பிக்கப் ஓட்டுகிற புள்ளையிடம் உரிமம் இருக்கிறதே என்று கடைக்காரருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போவதற்கு முன் பத்து நாள் பக்கத்தில் இருந்து பழக்கிவிடுகிறேன் என்று அந்தப் பெரியவரே சொன்னார்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மணி, விரதத்தில் இருக்கிற சாமி. அவர் பக்கத்தில் எந்தப் பெண் உட்கார்ந்தாலும் ஊருக்கு அதில் கதை இல்லை. சம்பந்தமில்லாத ஓர் ஆணும் பெண்ணும் ஒரே கேபினில் போவதற்கு எங்கள் ஊர் கொடுத்த அனுமதிச் சீட்டு அந்த மாலை. அவள் வயதில் தானும் மலை ஏறுகிறேன் என்று கிளம்பியிருந்தால் இதே ஊர் என்ன செய்திருக்கும் என்பது 2018-ல் எல்லோரும் பார்த்ததுதான். சாமி மலைக்குப் போனார். அவள் லாரிக்குப் போனாள்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நானும் ஏறினேன். சாவியைத் திருப்பி எஞ்சின் ஓடத் தொடங்கியும் வண்டி நகரவில்லை. என்ன என்று கேட்டேன். “ஏர் ஏறட்டுமுங்க மேடம். பிரேக்குக்கு.” டேஷ்போர்டில் ஒரு முள் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியும் எனக்குத் தெரியாத விஷயம். நான் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான். ஒரு வேகத்தடைக்கு நெடுந்தூரம் முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு வந்தாள். மில் வாசலில் செக்யூரிட்டி அவளைத் தாண்டி என் பக்கம் எட்டிப்பார்த்து, “டிரைவர் எங்கீங்க?” என்றார்.

தைக்குப் பிறகு வேறு கடைகளிலிருந்தும் ஆக்டிங் கூப்பிட்டார்கள். கல்யாணம், காது குத்து, கண் ஆபரேஷன் என்று டிரைவர்கள் விடுப்பு எடுக்க எடுக்க இவளுக்கு நாள் சேர்ந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, வண்டி எண், லோடு, கிலோமீட்டர் என்று எழுதி வைக்கிறாள். நிரந்தரமாக ஒரு லாரி இன்னும் அமையவில்லை. பிக்கப் சம்பளம்தான் வீட்டுக்கு ஓடுகிறது.

போன மாதம் கடைக்காரரிடம் ஓர் அனுபவச் சான்று வாங்க வேண்டும் என்றாள். அவருக்கு எழுத வராது. நான் எழுதிக் கொண்டுபோனேன். கடையின் ஆறு சக்கர வண்டியிலும் அவருக்குத் தெரிந்த பிற வண்டிகளிலும் ஓட்டுநராக இத்தனை நாள் பணியாற்றினார் என்று, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். வாசித்துவிட்டு, “ஒரு வருசம்னு போட்டுருங்க டீச்சர். யாரு வந்து எண்ணப் போறா?” என்றார். மனசார, நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

“வேண்டாமுங்ணா. நாப்பத்திமூணு நாளுன்னே போடுங்க. நோட்டுல இருக்கறது அதுதானுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் 43 என்று எழுதினேன். ரப்பர் ஸ்டாம்பில் மை காய்ந்திருந்தது. தண்ணீர் தெளித்து மூன்றாவது தடவை குத்தியபோதுதான் கடைப் பெயர் விழுந்தது. சான்றை மடிக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பிக்கப்பின் சன் வைசரில் செருகினாள். என்னைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட வந்தபோது வழியில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.

“ஸ்கூல் பஸ்ஸுக்கு இன்னும் 1782 நாளுங்க மேடம்” என்றாள்.